ஆனைக்கரை மலையடுக்கில் ஓய்வும் உறைவிடமும்

ஆண்டுகள் பல ஆகியும் தலை நரைக்கவில்லையே, என்ன காரணம் என்று வினவியோர்க்குப் பிசிராந்தையார் விடை கூறிய செய்தியைப் புறநானூறு பயின்றோர் அறிவர். மனைவி, மக்கள், ஏவலர், மன்னன் என ஒவ்வொருவர் நலத்தையும் எடுத்துரைத்த அப்புலவர், தாம் வாழும் ஊரையும் அவ்வூரில் உள்ள சான்றோரையும் இறுதியில் வைத்தார். பொன்னையும் பொருளையும் அவர் சொல்லவில்லை. முதுமையில் நமக்கென்று ஓர் ஊர் உண்டு என்னும் நிறைவே அவ்விடையின் அடிப்படை என்று நமக்குத் தோன்றுகிறது. அப்படியாயின், உழைத்த ஊர் ஒன்றும் பிறந்த ஊர் ஒன்றுமாக இருந்து, இரண்டும் தமக்கு உரியவை அல்லாமற் போனவர் முதுமைக்கு எவ்வாறு ஆயத்தம் செய்தனர்? பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து, நிறுவனம் தந்த வீட்டில் குடியிருந்து, இம்மலரைக் கையில் ஏந்தும் நம் குடும்பங்களில் பலவற்றிற்கும் இக்கேள்வி அயலானதன்று. இதற்குரிய விடையைக் கேரளத்தின் கிழக்கெல்லை மலைகளில் தேடிப் பார்ப்போம்.

ஆனைக்கரை என்னும் பெயரில் கேரளத்தில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று பாலக்காட்டு மாவட்டத்தில் பட்டாம்பி வட்டத்தைச் சேர்ந்தது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்த அம்மு சுவாமிநாதன் அம்மையார் அவ்வூரின் வடக்கத்துக் குடும்பத்தினர். மற்றது இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கும் வண்டன்மேட்டிற்கும் இடைப்பட்ட ஏலக்காய் மலையில் உள்ளது. நாம் பேசவிருப்பது பெரும்பாலும் இரண்டாவது ஊரையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் பற்றியே. அவ்வூரை அடுத்த செல்லார்கோவில் என்னுமிடத்தில் மலை திடீரென முடிந்துவிடுகிறது. விளிம்பில் நின்று கீழே நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரிகிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீரால் செழித்த நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் தெரிகின்றன. மேலே நிற்பவரின் பாட்டனார் ஒருவேளை அக்கீழூர் ஒன்றிலிருந்து நடந்தே ஏறி வந்திருப்பார். கண்ணுக்கு எட்டும் ஊர்தான். ஆயினும் ஐம்பத்தெட்டு வயதில் அங்கே திரும்பிச் செல்வது எல்லார்க்கும் எளிதாக வாய்க்கவில்லை.

பாலக்காட்டுத் தமிழர் கதை வேறு விதமானது. கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களிலிருந்து எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவிற்கும் சென்றோர் பலர். அரசுப் பணியில் அமர்ந்தோர்க்கு ஓய்வூதியம் இருந்தது. ஊரில் முன்னோர் வீடும் இருந்தது. திரும்புவதா வேண்டாவா என்பதே அவர்களுக்கு எழுந்த கேள்வி. மலையேறிய தொழிலாளிக்கோ திரும்புவதற்கு இடம் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. ஒரே சேரநாட்டுத் தமிழரிடையே ஓய்வு என்னும் ஒரு சொல் இருவேறு பொருள் தந்து நின்றது.

பீருமேட்டுப் பகுதியில் 1860களில் காப்பி பயிரிடப்பட்டது. 1877ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள், பாண்டிய மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் ஆண்டிற்கு 3,000 ரூபாய் குத்தகைக்குப் பெற்றார். 1880இல் ஷார்ப் என்பார் பார்வதித் தோட்டத்தில் 50 ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலை நட்டார். காப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலையே மலையை மூடிற்று. காடழிக்கவும் கொழுந்து பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் அவர்களைத் திரட்டி மலையேற்றினர்.

அவ்வாறு வந்தவர் கையில் முதலில் விழுந்தது கூலியன்று, முன்பணம். ஊரில் இருந்த கடனை அடைக்கவும் வழிச்செலவிற்கும் கம்பளிக்கும் கங்காணி கொடுத்த அந்தத் தொகை, தொழிலாளி மலையில் அடியெடுத்து வைக்குமுன்னரே அவன் பெயரில் பற்றாக எழுதப்பட்டுவிடும். நாம் இன்று சேமிப்பு என்கிறோம். எதிர்கால உழைப்பிற்காக இன்றே ஒன்றை ஒதுக்கி வைக்கிறோம். முன்பணமோ இதன் தலைகீழ் வடிவம். எதிர்கால உழைப்பு முழுவதும் நேற்றே செலவாகிவிட்டிருந்தது. ஆண்டு முடிவில் கணக்கு முடிக்கும்போது கையில் எஞ்சினால் ஊர் திரும்புவர். எஞ்சாவிடில் மறுபடி பெயர் பதிவர். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பால் ஹாரிஸ் டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலை, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழர் படித்தனர். அந்நாவலில் இம்முன்பண வலை விரிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. அக்காலத் தொழிலாளிக்கு ஓய்வு என்பது ஏட்டில் இல்லாத சொல். கை தளர்ந்தவனுக்குப் பெயர் வெட்டப்படும். பெயர் வெட்டப்பட்டவன் வந்த வழியே கீழிறங்குவான். ஊரில் உடன்பிறந்தார் மக்களின் திண்ணை அவனுக்குக் கிடைத்தது. அத்திண்ணை இருந்தவரையில் முதுமைக்கென்று தனித்திட்டம் எவரும் வகுக்கவில்லை. கிராமமே காப்புறுதியாக இருந்தது என்று கூடச் சொல்லலாம்.

ஆனால் திண்ணை எத்தனை தலைமுறை காத்திருக்கும்? பாட்டன் ஏறினான், தந்தை மலையிற் பிறந்தான், மகன் ஊரின் பெயரை மட்டும் அறிந்தான். பங்காளிகள் பாகம் பிரித்தனர், விற்றனர். ஊர்க்கோயில் கொடைக்குச் செல்வதும், குலதெய்வத்திற்கு முடியிறக்குவதும், மணவுறவு கொள்வதும் நின்றுவிடவில்லை. எனினும் நிலம் கைவிட்டுப் போயிற்று. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. கீழூர் வேற்று மாநிலமாகவே நின்றது.

இக்காலத்திலேதான் சட்டங்கள் வந்தன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1954 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்திற்கும் வீடு தருவது முதலாளியின் கடமை என அது விதித்தது. தொழிலாளர் சேமநல நிதிச் சட்டம் 1952இல் ஆறு தொழில்களில் தொடங்கி, 1957இல் தேயிலை, காப்பி, இரப்பர், ஏலம், மிளகுத் தோட்டங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. கூலியில் நூற்றுக்கு ஆறேகால் பங்கு தொழிலாளியிடம் பிடிக்கப்பட, அதே அளவு முதலாளியும் செலுத்த வேண்டும் என்பது தொடக்கக் கால விதி. கடல்கடந்த தமிழர்க்கும் ஏறத்தாழ இதே பத்தாண்டில் இத்தகைய நிதி கிடைத்தது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. மலாயாவில் 1951இலும், இலங்கையில் 1958இலும் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, இந்தியாவிற்குத் திரும்புவோர் தம் சேமநிதியையும் பணிக்கொடையையும் உடன் கொண்டுவரலாம் என்ற விதி அதில் இடம்பெற்றது. தலைமுறைகள் பல உழைத்த மண்ணிலிருந்து அவர்கள் எடுத்துவரக் கூடியவை அவ்வளவே. அவ்வாறு வந்தோரிற் சிலர் நீலகிரியிலும் வால்பாறையிலும் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்தில் புனலூரை அடுத்த இரப்பர்த் தோட்டங்களிலும் மறுபடியும் தொழிலாளர் வீடுகளிலேயே குடியேறினர்.

சட்டங்கள் தாமாக வரவில்லை. தேவிகுளம் மலைகளில் தொழிற்சங்கங்கள் வேரூன்றி, 1958இல் பெரும் வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. அவ்வாண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காகக் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் மலையேறிப் பாடினார். அவருடன் சென்ற இளைய தம்பியே பின்னாளில் இளையராசா எனப் பெயர் பெற்றவர். மலைக்கும் பள்ளத்தாக்கிற்கும் இருந்த நெருக்கத்திற்கு இதனை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம்.

பணிக்கொடையைப் பொறுத்தவரையில் கேரளமே வழிகாட்டிற்று. 1970இல் தொழிலாளர் பணிக்கொடைச் சட்டம் கேரளத்தில் நிறைவேறியது. அடுத்து மேற்கு வங்கம் தொடர்ந்தது. இவற்றைக் கண்ட பின்னரே 1972இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்து, செப்டம்பர் 16 முதல் நடைமுறையாயிற்று. ஐந்தாண்டு இடையறாது பணிசெய்தவர்க்கு, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாட் கூலி என்பது அதன் சாரம். தோட்டங்களும் அதன் வரம்பிற்குட்பட்டன. ஒப்பந்தத்தில் வயது குறிக்கப்படாத இடத்து 58 என அச்சட்டம் வைத்தது. முன்பணத்தில் தொடங்கிய வாழ்வு பின்பணத்தில் முடிய வழி பிறந்தது என்று மகிழ்ந்தவர் பலர். அம்மகிழ்ச்சி பொய்யன்று.

எனினும் தொல்லை வேறிடத்தில் இருந்தது. வீடு வேலையுடன் பிணைக்கப்பட்டிருந்தது. லயம் என்று மலையில் வழங்கும் அந்த வரிசை வீடுகள் தொழிலாளிக்கு உரியவை. ஓய்வு பெற்றவர் தொழிலாளி அல்லர். எனவே 58ஆம் ஆண்டு நிறையும் நாளில் கூலியும் வீடும் ஒருங்கே முடிகின்றன. நகரத்து எழுத்தர் ஓய்வு பெறும்போது வருவாய் குறைவதையே எண்ணிக் கவலையுறுவார். மலைத்தொழிலாளி அன்றிரவு எங்கே படுப்பது என்பதையும் எண்ண வேண்டியவர். பணிக்கொடையைப் பெற வேண்டுமானால் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்ற வழக்கமும் பல இடங்களில் வேரூன்றிற்று. ஒப்படைத்தால் பணம் உண்டு, கூரை இல்லை. ஒப்படையாவிடில் கூரை உண்டு, பணம் வருவதில்லை.

இச்சிக்கலுக்கு மலைமக்கள் கண்ட விடை ஒன்றே. குடும்பத்தில் ஒருவர் அதே தோட்டத்தில் பெயர் பதிந்தால் வீடு அக்குடும்பத்திடமே இருக்கும். ஆகவே தந்தையோ தாயோ ஓய்வு பெறும் ஆண்டில் மகனோ மகளோ மருமகளோ வேலைக்கு ஏறினர். பள்ளியிறுதி முடித்த பிள்ளை கல்லூரிக்குச் செல்வதா, கொழுந்துக்குச் செல்வதா என்னும் வழக்கு எத்தனையோ வீடுகளில் இப்படி முடிந்திருக்கிறது. கம்பம் பேருந்து நிலையத்தில் நாம் கண்ட மூதாட்டி ஒருவர், முப்பதாண்டிற்கு மேல் கொழுந்து பறித்தவர், இதனை நம்மிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: "எனக்கு ஓய்வு கெடச்சுச்சு சாமி. என் மகளுக்குக் கூடை கெடச்சுச்சு." அவர் முகத்தில் குறைகூறும் சாயல் இல்லை. மகளை எண்ணியே சொன்னார்.

ஓய்வுக்காலத் திட்டம் என்று நாம் கூறுவது பெரும்பாலும் பணத்தைப் பற்றியது. எத்தனை விழுக்காடு சேமித்தோம், எந்த நிதியில் இட்டோம் என்பது. மலையில் அத்திட்டம் பிள்ளையின் வாழ்நாளைப் பற்றியதாகவே இருந்தது. முன்கூட்டி ஓரிடம் தேடிக்கொண்டவர் தம் பிள்ளையை விடுவித்தார். தேடாதவர், அல்லது தேட இயலாதவர், பிள்ளையின் உழைப்பையே தம் முதுமைக்கு வாடகையாகச் செலுத்தினார். இதில் பழி சுமத்த நாம் முனையவில்லை. கிடைத்த கூலி எவ்வளவு என்று பார்த்தால் எவரும் முனையார்.

கணக்கிட்டுக் காண்போம். 2015ஆம் ஆண்டு மூணாற்றுத் தோட்டங்களில் நாட்கூலி 232 ரூபாய். பதினைந்து நாட் கூலி 3,480 ரூபாய். முப்பதாண்டுப் பணிக்கு 1,04,400 ரூபாய். ஒரு குடும்பம் வீட்டுமனை வாங்கிச் சுவரெழுப்ப அது போதுமா? அவ்வாண்டு செப்டம்பரில், போனசு 19 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்ததை எதிர்த்துத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். பெண்கள் ஒற்றுமை எனப் பொருள்படும் 'பொம்பிளை ஒருமை' அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். போனசு முதல் கோரிக்கை. நாட்கூலி 500 வேண்டும் என்பது அடுத்தது. இறுதியில் கூலி 301 ஆயிற்று. அன்றாடச் செலவிற்கு இவ்வுயர்வு எவ்வளவு உதவிற்று என்பது ஒருபுறம் இருக்க, பணிக்கொடை கடைசிக் கூலியைக் கொண்டே கணக்கிடப்படும் என்பதால் முப்பதாண்டுக் கணக்கு 1,35,450 ரூபாயாக உயர்ந்தது. சாலையில் அமர்ந்தோர் தம் முதுமைக்கும் சேர்த்தே அமர்ந்தனர் என்று நாம் கருதுகிறோம். அவர்கள் அவ்வாறு சொல்லிக்கொள்ளாவிடினும் கணக்கு அதைச் சொல்கிறது.

சேமநல நிதியின் கதையும் இதுபோன்றதே. வீட்டுமனைக்கும் வீட்டிற்கும், திருமணத்திற்கும், நோய்க்கும் நிதியிலிருந்து முன்னெடுக்க விதிகள் இடந்தந்தன. ஐந்தாண்டு உறுப்பினராக இருந்தோர் மனை வாங்க எடுக்கலாம் என்பதே நெடுங்காலம் விதியாயிருந்தது. மனைக்கென எடுத்தவர் குறைவு. மகள் திருமணத்திற்கு எடுத்தவர் மிகுதி. ஐம்பத்தெட்டில் கணக்கை முடிக்கும்போது எண்ணியதிற் பாதி இருக்கும். நம் குடும்பங்களிலும் இது நிகழ்வதைக் காண்கிறோம் அல்லவா? 1995 நவம்பரில் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. பத்தாண்டுப் பணி உடையவர்க்கு 58 முதல் திங்கள்தோறும் ஊதியம் தருவது அது. குறைந்த கூலியில் அமைந்த கணக்கு மிகச் சிறிய தொகையையே தந்தது. குறைந்தது 1,000 ரூபாய் என 2014இல் வரம்பிடப்பட்டது.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். தோட்டப் பதிவேட்டில் வயது, கணக்குப்பிள்ளை முகம் பார்த்து எழுதியதாகவே பல காலம் இருந்தது. மாரியம்மாள் ஓரிடத்தில் மாரியாய், மற்றோரிடத்தில் முத்துமாரியாய் இருந்தார். வேலை செய்யும் காலத்தில் இவை எவரையும் உறுத்துவதில்லை. பணம் கேட்கும் நாளில்தான் பெயர் பெயரோடு பொருந்தவில்லை, வயது வயதோடு இசையவில்லை என்று தாள் திரும்பி வரும். வாரிசு நியமனப் படிவத்தில் இறந்துபோன மாமனாரின் பெயர் இருந்த வீடுகளும் உண்டு. இவற்றைத் திருத்திக்கொள்ளப் பணியில் இருக்கும் காலமே ஏற்றது. ஓய்வு பெற்றபின் தோட்ட அலுவலகப் படியேறுவது எளிதன்று.

இனி ஆனைக்கரைக்குத் திரும்புவோம். இதுகாறும் சொன்னவை பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து நிரந்தரத் தொழிலாளர் நிலை. ஆனைக்கரை, வண்டன்மேடு, புளியன்மலை வட்டாரம் ஏலத்தின் நாடு. திருவிதாங்கூர் அரசு 1897இல் ஏலமலைக் காடுகளைக் காப்புக்காடாக அறிவித்தது. நிழல்மரங்களின் அடியில் ஏலம் பயிரிடும் தோட்டங்கள் சிறியனவும் பெரியனவுமாய்ப் பெருகின. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. வெளிநாட்டு விலை அங்கே எதிரொலிக்கிறது. ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரை காய் பறிப்பு நீளும். பறிப்போர் பலர் மலையில் குடியிருப்பதில்லை. விடியுமுன் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து ஏறி, மாலையில் இறங்கிவிடுகின்றனர். மலையில் லயம் இல்லை என்பதால் லயத்தை இழக்கும் துன்பமும் இவர்க்கு இல்லை. கீழே சொந்தக் கூரை உண்டு. ஆனால் இவர்களுக்கு வேறு ஒன்றும் இல்லை என்றும் சொல்ல நேர்கிறது.

சட்டம் தோட்டம் என்பதற்கு ஓர் அளவு வைத்தது. முதலில் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் இருந்தாலே தோட்டம். 1981இல் அவ்வளவு 5 ஹெக்டேரும் 15 தொழிலாளருமாகக் குறைக்கப்பட்டது. அதற்கும் சிறிய ஏலத்தோட்டங்கள் வெளியே நின்றன. இன்று ஒருவர் தோட்டத்தில், நாளை மற்றொருவர் தோட்டத்தில் பறிக்கும் பெண்ணுக்கு இடையறாப் பணி என்பது எங்கே எழுதப்படும்? அவருக்கு முதலாளி ஒருவர் அல்லர். எனவே சட்டத்தின் பார்வையில் முதலாளி எவருமே இல்லாதவர் போல ஆகிறார். முதியோர் உதவித்தொகையைத் தமிழகம் 1962இல் திங்களுக்கு 20 ரூபாயாகத் தொடங்கிற்று. விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியத்தைக் கேரளம் 1980இல் 45 ரூபாயாகத் தொடங்கிற்று. உழைப்பு கேரளத்தில், குடும்ப அட்டை தமிழகத்தில் என்று வாழ்பவர், உழைத்த மாநிலத்தின் திட்டத்தில் சேர இயலாதவர். 2019இல் மைய அரசு அமைப்புசாராத் தொழிலாளர்க்கென ஒரு திட்டம் தொடங்கிற்று. 18 முதல் 40 வயதிற்குள் சேர்ந்து, வயதிற்கேற்ப 55 முதல் 200 ரூபாய் வரை திங்கள்தோறும் செலுத்தினால், அரசும் அதே அளவு செலுத்தி, அறுபதில் 3,000 ரூபாய் தரும் என்பது அதன் அமைப்பு. நாற்பதைத் தாண்டியோர்க்கு அதன் கதவு அடைப்பட்டது. ஜீப்பில் ஏறும் பெண்களைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியோர் எத்தனை பேர் என்று எண்ண வேண்டிய தேவையே இராது.

தொழிலாளர் சட்டங்கள் பலவும் நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. 1951, 1952, 1972ஆம் ஆண்டுச் சட்டங்களின் பொருள் அவற்றுள் அடங்கிற்று. மலையில் அவற்றின் விளைவு எவ்வாறு இருக்கும் என்பதை எழுதுவது வரலாற்றுக் கட்டுரையின் வேலையன்று.

இவ்விடத்தில் மலாயாவை நோக்குவது பயன் தரும். 1957இல் விடுதலை பெற்ற அந்நாட்டில், ஐரோப்பியர் தம் இரப்பர்த் தோட்டங்களை விற்று வெளியேறத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தமிழ்த் தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருநாளில் இழந்தனர். அமைச்சராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைத் தொழிலாளர் தவணைகளில் செலுத்தி உறுப்பினராயினர். தோட்டந்தோட்டமாகச் சென்று அவர் அதை எடுத்துரைத்தார். சேர்ந்த பணத்தைக் கொண்டு சங்கம் விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்கிற்று. தனியொருவர் சேமிப்பில் ஒரு மரம்கூட வாங்க இயலாது; பல்லாயிரவர் சேமிப்பில் மலையே வாங்கலாம் என்பதை அவர் கண்டார். தனிக் குடும்பத்தின் முன்யோசனையை ஊரின் முன்யோசனையாக்கியவர்களுள் அவரை முதல்வரிசையில் வைக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

இடுக்கியிலும் இதனை ஒத்த ஒன்று நிகழாமல் இல்லை. கேரள அரசு 1971இல் சட்டமியற்றிக் கண்ணன் தேவன் மலைகளின் நிலத்தைத் தன்வசப்படுத்திற்று. பயிருள்ள பரப்பு தோட்ட நிறுவனத்திடமே மீண்டது. 1972இல் எம். என். கோவிந்தன் நாயர் முன்னின்ற இலட்சம் வீட்டுத் திட்டம் மூணாற்றிலும் ஒரு குடியிருப்பைத் தந்தது. 2005இல் டாட்டா நிறுவனம் விலகியபோது, 12,000க்கு மேற்பட்ட ஊழியர் பங்குதாரராக அமைந்த புதிய நிறுவனம் அம்மலையின் தோட்டங்களை ஏற்றது. தொழிலாளி உடைமையாளனும் ஆனான் என்று அன்று நாளேடுகள் எழுதின. ஆயினும் பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தது. லயம் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. சம்பந்தனார் சங்கத்தோடு இதனை ஒப்பிட விழைவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

பீருமேட்டின் நிலை இதனினும் கொடியது. சோவியத் நாடு சிதறியபின் தேயிலைக்கு வாங்குவோர் குறைந்து, 2000ஆம் ஆண்டையொட்டி விலை வீழ்ந்து, பல தோட்டங்கள் கதவடைத்தன. பணிக்கொடை வராதவர், சேமநல நிதிக்குப் பிடித்த பணம் செலுத்தப்படாமற் போனவர், கூரை ஒழுகும் லயங்களில் அப்படியே தங்கினர். வெளியேறச் சொல்ல ஆளில்லை. பழுது பார்க்கவும் ஆளில்லை. இளையோர் கட்டட வேலைக்கும் துணிக்கடைகளுக்கும் இறங்கிச் சென்றனர். முதியோர் மூடிய தோட்டத்தில் வளர்ந்துபோன தேயிலையைப் பறித்து விற்று வாழ்ந்தனர்.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் மாண்டனர். கயத்தாற்றுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டோர் அவர்களிற் பலர். தலைமுறை தலைமுறையாக ஒரே வரிசையில் குடியிருந்த பாட்டியும் மகனும் பேத்தியும் ஒரே இரவில் மறைந்தனர். பின்னர் எஞ்சிய குடும்பங்களுக்குக் குற்றியாற்றுப் பள்ளத்தாக்கில் மனையும் வீடும் தரப்பட்டன; எட்டு வீடுகள் எழுந்தன. தம் பெயரில் பட்டா என்ற ஒன்று அக்குடும்பங்களிற் சிலவற்றிற்கு அப்போதுதான் முதன்முறையாகக் கைக்கு வந்தது. எவ்விலை கொடுத்து என்பதை நாம் எழுத வேண்டுவதில்லை.

முன்கூட்டியே மலையிறங்கும் வழி வகுத்தவர்களும் இருக்கின்றனர். அவர்களைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும். ஏனெனில் அவர்கள் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. பசு வளர்த்தவர், லயத்தின் பின்னே கேரட்டும் பூண்டும் நட்டவர், சீட்டுக் கட்டியவர், ஓணப் போனசை எடுத்து வைத்தவர் எனப் பலர். கம்பத்திற்கு அணித்தான ஓர் ஊரில் அத்தகைய இணையர் ஒருவர் வீட்டில் நாம் ஒரு பிற்பகல் இருந்தோம். இருவரும் தேவிகுளம் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓய்வு பெற்றவர்கள். நாற்பது வயதில் மூன்று சென்ட் மனைக்கு முதற்பணம் கொடுத்தார்களாம். பின் ஒவ்வோர் ஓணத்திற்கும் ஒரு வேலை: ஓராண்டு அடித்தளம், ஓராண்டு சுவர், இடையில் மகன் நோயுற்ற இரண்டாண்டுகள் ஒன்றுமில்லை, பின் கூரை. பதினேழு ஆண்டுகள் ஆயின. மகள் செவிலியர் படிப்பு முடித்துக் கோவையில் பணிபுரிகிறாள். அவள் பெயர் தோட்டப் பதிவேட்டில் ஏறவே இல்லை.

செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அந்நாளில் பெற்ற சீட்டுகளை அந்த அம்மையார் பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஆண்டைச் சொன்னார். கணவர் அருகிலிருந்து தொகையைச் சொன்னார். இருவர் கணக்கும் இரண்டே இடங்களில் மாறுபட்டன. அவ்விரண்டிலும் சீட்டு அம்மையார் பக்கமே இருந்தது.